வலது விலாவில் பட்டதா?

ஆகஸ்ட் 6, சனி

காலையிலிருந்து மழை. கடல் சரியில்லை, லிட்டில் அந்தமான் கப்பல் ரத்து. டிக்கெட் கவுண்டரில் ஒரே கூச்சல். "மேடம், ஜஹாஸ் கப் ஜாயேகா?" என்று நூறு பேர். கப்பல் எப்போது போகும் என்று கடலிடம்தான் கேட்க வேண்டும். வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

நாளை ஃபைனல். அதற்குள்:
— வெள்ளை ஜாக்கெட் மூன்று நாளாகக் கொடியில். காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால்தான் காய வைக்க வேண்டும்.
— வாள் நுனியின் ரப்பர் குமிழ் ஆடுகிறது. நூல் சுற்ற வேண்டும்.
— குக்கர் வாஷர். (ஃபைனலுக்குச் சம்பந்தமில்லை. மூன்று வாரமாக மறக்கிறேன்.)

மதியம் கவுண்டருக்கு ஒரு மெயின்லேண்ட் ஆள், திருச்சிக்காரர். என் காலடியில் இருந்த நீளப் பையைப் பார்த்து என்னவென்று கேட்டார். வாள் என்றேன்.

"வாளா? டிவில காட்டுவாங்களே, முதுகுல கரன்ட் வயர் மாட்டிக்கிட்டு, அதுவா?"

"இது வயர் இல்லாததுங்க சார்."

"அப்ப பட்டுச்சா இல்லியான்னு எப்படித் தெரியும்?"

"பட்டவங்க சொல்லுவாங்க."

சிரித்துவிட்டார். "சொல்லுவாங்களா! நல்ல ஆட்டம்மா."

வரிசை நீளமாக இருந்ததால் மேலே பேசவில்லை. பேசியிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் லீக்கில் மூன்று கிளப்: டெய்ரி ஃபார்ம், மின்னி பே, ஃபீனிக்ஸ் பே. ஆட்கள் மொத்தம் இருபத்தொன்று. எந்தச் சங்கத்திலும் சேரவில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரர் உடலையும் கவனிக்க இரண்டு பக்க நடுவர்கள், நடுவில் தலைமை நடுவர் பிரணதி தீதி. வாள் பட்டதைப் பார்த்த நடுவர் கை தூக்குவார். ஒருவர் தூக்கி, மற்றவர் தெரியவில்லை என்றால் தீதி யார் மேல் பட்டதாகச் சந்தேகமோ அவரையே கேட்பார். அவர் சொல்வதுதான் கடைசி. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

எல்லாம் ஒரு பெட்டியிலிருந்து வந்தது. சுனாமி அலை வந்த வருடம் நிவாரணம் என்று எது எதுவோ அனுப்பினார்கள். இந்த வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு. ஒரு பெட்டியில் மட்டும் பழைய வாள்கள், வலை முகமூடிகள், பஞ்சு வைத்த வெள்ளை ஜாக்கெட்டுகள். யார் அனுப்பியது, எதற்கு, இன்று வரை தெரியாது. நாங்கள் தங்கிய முகாமைப் பார்த்துக்கொண்ட பிரணதி தீதி பள்ளியில் விளையாட்டு டீச்சர், கல்கத்தாவில் படிக்கும்போது வாள் பிடித்தவர். கோட்டுகளை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டார். இந்தப் பெட்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் முருகேசன் இப்போதுதான் வந்தார். நனைந்து. "நாளைக்குக் கம்பிச் சண்டைதானே? நான் வரணுமா, இல்ல வாஷர் வாங்கப் போகட்டுமா?"

இரண்டும் என்றேன்.


ஆகஸ்ட் 7, ஞாயிறு

ஜெயித்தேன். 5–4.

சந்தோஷமாக எழுத வேண்டும். வரவில்லை. முதலில் நடந்ததை எழுதுகிறேன்.

கம்யூனிட்டி ஹால். சிமெண்ட் தரையில் சுண்ணாம்புக் கோடு. மின்னி பே ஆட்கள் ஒரு பக்கம், டெய்ரி ஃபார்ம் நாங்கள் ஒரு பக்கம். எதிரில் ரேவதி. மின்னி பே கிளப், ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, என்னைவிட ஆறேழு வயது சின்னவள். கால் வேகம் அவளைப் போல் இங்கே யாருக்கும் கிடையாது.

4–4. யாருக்கு அடுத்த தொடுகையோ அவருக்குக் கோப்பை. ரேவதி பாய்ந்தாள். நான் வாளால் தடுத்தேன், தாமதம். 'டப்' என்று ஒரு சத்தம். பிறகு இருவரும் நின்றுவிட்டோம்.

என் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சேவியர் பையா கை தூக்கியிருந்தார். ராஞ்சிக்காரர், தீவுக் கப்பலில் சுக்கான் பிடிப்பவர், அம்பது வயது. இன்னொரு நடுவர் தெரியவில்லை என்று தலையசைத்தார்.

தீதி என்னைக் கேட்டார். "மல்லிகா, லகா?" பட்டதா?

எனக்கு எதுவும் தெரியவில்லை. நெஞ்சில் இல்லை, தோளில் இல்லை, வயிற்றில் இல்லை. "நஹீ தீதி" என்றேன். படவில்லை.

மின்னி பே பெஞ்சில் இருந்து ஒரு கிழவர், "மல்லிகா சொன்னா சரிதாம்ப்பா" என்றார். எதிர் அணி ஆள். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ரேவதி முகமூடியைக் கழற்றி என்னை ஒரு தரம் பார்த்தாள். மறுபடி மாட்டினாள். அடுத்த பாய்ச்சலில் அவள் தோளில் தொட்டேன். நடுவர் யாரும் அசைவதற்கு முன் அவளே கை தூக்கினாள்.

கோப்பை. கைதட்டல். சமோசா. முருகேசன் வாஷர் வாங்கிக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்துக்கு வந்து சேர்ந்தார்.

கிளம்பும்போது சேவியர் பையா படியில் உட்கார்ந்து கண்ணைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். "முஜே திகா தா" என்றார். எனக்குத் தெரிந்ததே என்று. என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானா, தெரியவில்லை.


ஆகஸ்ட் 8, திங்கள்

உடம்பெல்லாம் வலி. வேலைக்குக் கிளம்பும் முன் முருகேசனை முதுகில் தைலம் தேய்க்கச் சொன்னேன். தேய்த்துக்கொண்டே கன்றிய இடங்களை எண்ணினார். தோளில் ஒன்று, கையில் இரண்டு.

"இந்தா, இங்க ஒண்ணு இருக்கு. ரூபாக் காசு மாதிரி வட்டமா. நல்லா நீலம் பாரிச்சிருக்கு."

"எங்கங்க?"

"இங்கதான்."

"எங்க?"

"அட, விரல வெச்சுத்தானே காட்டுறேன்."

குனிந்து பார்த்தேன். அவர் விரல் என் வலது விலாவில் இருந்தது. அழுத்தியே வைத்திருந்தார். எனக்குத் தெரியவில்லை.

அவர் சாதாரணமாகச் சொன்னார்: "ஒனக்குத்தான் அங்க தொட்டாத் தெரியாதே."

ஆமாம். தெரியாது. ஆறு வருடமாகத் தெரியாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நேற்று வரை இதையும் வாளையும் சேர்த்து நினைத்ததே இல்லை. எப்படி நினைக்காமல் இருந்தேன்?

பஸ் போய்விட்டது. ஆஃபீசுக்கு இருபது நிமிடம் லேட்.


ஆகஸ்ட் 9, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வந்த நாள். டிரம் நிரப்பிவிட்டுக் குளியலறையில் ஊக்கும் பால்பாயிண்ட் பேனாவும். ஊக்கின் மழுங்கின பக்கத்தால் தொட்டுத் தொட்டு, தெரிகிற இடத்தில் புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வடிவம். அக்குளுக்கு ஒரு சாண் கீழே ஆரம்பம், மூன்று விரல் அகலம், முன்னால் வளைந்து வயிறு வரை. நான் நினைத்ததைவிடப் பெரியது. தழும்பு சின்னது. மரத்துப்போன இடம் அதைப் போல நாலு மடங்கு.

வாள் பிடிக்கும்போது வலது பக்கம்தான் முன்னால் இருக்கும்.

கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்து லைன் குவார்ட்டர்சில் இருந்தோம். அலை வந்தபோது ஏதோ ஒரு உத்தரமோ கதவோ பக்கவாட்டில் மோதியது. அவ்வளவுதான் தெரியும். அம்மா கிடைக்கவில்லை. அண்ணன் வேறு கப்பலில் வந்தான். இங்கே ஆஸ்பத்திரியில் தைத்த டாக்டர், நரம்பு அறுந்திருக்கிறது, உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார். சரி என்றேன். அந்த வருடம் யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

பேனா மை சோப்பில் போகவில்லை.


ஆகஸ்ட் 10, புதன்

அந்த நீலம் ரேவதி குத்தியதுதானா? யோசித்துப் பார்க்கிறேன்.
— வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் பட்டிருக்கலாம்.
— கவுண்டர் மேசை விளிம்பு அதே உயரம்தான். குனியும்போதெல்லாம் இடிக்கும்.
— ஃபைனலிலேயே வேறு பாய்ச்சலில் பட்டிருக்கலாம்.

ஆனால் வட்டம். மேசை விளிம்பு வட்டமாக இடிக்காது.

நான் பொய் சொல்லவில்லை. தெரியவில்லை, அதனால் படவில்லை என்றேன். ஆனால் தெரியாதது வேறு, படாதது வேறு. தீதி "லகா?" என்றால் நான் "தெரியவில்லை" என்றிருக்க வேண்டும். நம் ஆட்டத்தில் ஆட்டக்காரர் யாரும் தெரியவில்லை என்று சொன்னதில்லை.

இதுவரை எத்தனை "நஹீ"? போன வருட அரையிறுதியில் ஒன்று. மழைக்கால ஆட்டத்தில் இரண்டோ மூன்றோ. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு நடுவர் கையை இறக்கினார்.

மதியச் சாப்பாட்டில் ரசம் இல்லை. பாட்டில் மூடி கழன்று பைக்குள்ளேயே கொட்டியிருந்தது.


ஆகஸ்ட் 11, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

பதினொரு மணிக்கு சேவியர் பையா என் கவுண்டர் முன்னால். சீருடை இல்லாமல் சாதாரணச் சட்டை. இந்த நேரத்தில் அவர் கப்பலில் இருக்க வேண்டும்.

"கப்பல் போகலியா பையா?"

"ஜஹாஸ் கயா. மை நஹீ கயா." கப்பல் போய்விட்டது, தான் போகவில்லை.

திங்களன்று கேப்டனிடம் போய், தன் கண் கெட்டுவிட்டது, இனி சுக்கான் பிடிப்பது சரியில்லை என்று தானாகவே சொல்லியிருக்கிறார். வரும் புதன்கிழமை ஆஸ்பத்திரியில் கண் பரிசோதனை. அது வரை கரையில். வீட்டுக்குப் போகும் வழியில் சும்மா சொல்லிவிட்டுப் போக வந்தாராம்.

"ஏன் பையா அப்படிச் சொன்னீங்க?"

"தூனே போலா நஹீ லகா. தோ நஹீ லகா." நீ படவில்லை என்றாய், அப்படியானால் படவில்லை. "ஆனா எனக்குத் தெரிஞ்சுது. நடக்காதத என் கண்ணு காட்டுது. ஜஹாஸ் மே எத்தன ஆளு, எத்தன கொழந்த. கல்லு இல்லாத எடத்துல கல்லு தெரிஞ்சாப் பரவால்ல. கல்லு இருக்குற எடத்துல தெரியலன்னா?"

வாய் திறந்தேன். பின்னால் வரிசை. ஒரு அம்மா டோக்கனை என் கண்ணாடியில் தட்டினார். "அக்கா, ஜல்தி." நான் டோக்கனை வாங்கினேன். நிமிர்ந்தபோது அவர் இல்லை.

சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை. வரிசை காத்திருந்தால் என்ன ஆகிவிடும்?


ஆகஸ்ட் 13, சனி

தீதி வீட்டுக்குப் போனேன். அரை நாள் வேலை முடிந்து நேராக. மீன் வறுத்துக்கொண்டிருந்தார். நான் எதுவும் ஆரம்பிக்கும் முன் ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்தார். மெயின்லேண்ட் வாள்சண்டைச் சங்கத்திலிருந்து. லீக் அவர்களோடு சேர்ந்தால் மின்சாரப் பெட்டி இரண்டு செட் தருவார்களாம், பயிற்சியாளர் வருவாராம், சான்றிதழ் தருவார்களாம். நிபந்தனை ஒன்றுதான்: இனி விளக்கு எரிந்தால்தான் தொடுகை. சொல்லுக்கு இடமில்லை.

28ஆம் தேதி ஓட்டு.

"சின்னவங்களுக்கு சர்ட்டிஃபிகேட் வேணும். தப்பில்ல," என்றார். தீதியின் தமிழ் முகாமில் கற்றது, அதனால் எங்கள் தோட்டத்துத் தமிழ் போலவே இருக்கும். "ஆனா ரெண்டு செட் வயர இருபத்தோரு பேர் எப்படிப் போடுறது? இந்த உப்புக் காத்துல அது எத்தன நாள் தாங்கும்? நான் 28ஆம் தேதி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லப் போறேன். நம்ம கிட்ட மெஷின் இருக்கு. அதுக்குப் பேரு மல்லிகா."

அப்போதுதான் சொன்னேன். விலா, நீலம், பேனா, எல்லாம்.

மீன் கருகியது. அடுப்பை அணைத்தார். பிறகு:

"அந்த நீலம் வேற எப்பவாவது பட்டதா இருக்கலாம், இல்லியா?"

"இருக்கலாம் தீதி."

"அப்ப நீ நிச்சயமாத் தெரியாம எதச் சொல்லுவ? 28 தக் சுப் ரஹோ. அப்புறமாச் சொல்லு. நானே ஒன்கூட நிக்கிறேன்."

28 வரை சும்மா இரு. பொய்க்கு இடமில்லாத ஆட்டம் என்று எங்களுக்கு ஆறு வருடமாகச் சொன்னவர். அவரைத் தப்பு சொல்லவும் தோன்றவில்லை. அவர் முகத்தில் ஒரு பயம், அதை நான் இதற்கு முன்னால் பார்த்ததில்லை. சரி என்றுதான் சொன்னேன் என்று நினைக்கிறேன். சேவியர் பையாவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். மறந்தேனா?

கருகாத மீன் இரண்டு கட்டிக் கொடுத்தார்.


ஆகஸ்ட் 14, ஞாயிறு

பயிற்சிக்குப் போனேன். ஜாக்கெட் போட்டேன், ஆடவில்லை. தலைவலி என்றேன். பெண்கள் அறைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ரேவதியின் குரல், இன்னொருத்தியிடம்:

"குத்தினது எனக்குத் தெரியாதா? கம்பி வளஞ்சுச்சுடி. கையில தெரிஞ்சுது. ஊரே உத்தமின்னு சொல்லுது, நம்ம சொன்னா யாரு நம்புவா? கரன்ட் வரட்டும். அப்பத் தெரியும் உத்தமி லட்சணம்."

நான் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஷூ லேசைப் பிடித்தபடி. அவள் போகும் வரை காத்திருந்தேன்.

வாள் வளைந்தால் பிடித்த கைக்குத் தெரியும். அது எனக்கும் தெரியும். அவளிடம் யாருமே கேட்கவில்லை. நம் விதியில் குத்தியவரைக் கேட்பது கிடையாது.


ஆகஸ்ட் 16, செவ்வாய்

நேற்று கொடி ஏற்றினார்கள், லீவு. இன்று இரண்டு நாள் கூட்டம் ஒரே நாளில். டிக்கெட்டில் தேதி தப்பாகப் போட்டு ஒரு குடும்பத்தையே தவறான நாளுக்கு அனுப்பப் பார்த்தேன். சூப்பர்வைசர் பிடித்தார்.

முருகேசனிடம் கேட்டேன், என்ன செய்யட்டும்?

"சொல்லு. இல்ல சொல்லாத. ரெண்டுல ஒண்ணு செய் மல்லி. நீ செய்யாம இருக்குறதால மூணு நாளாச் சாம்பார்ல உப்பு இல்ல."

பிறகு கொஞ்சம் கழித்து, "அந்த மனுசன் வேலை என்னாகும்?" என்றார்.

நாளைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.


ஆகஸ்ட் 17, புதன்

பரிசோதனைக்கு முன்பே பிடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆட்டோ கிடைக்கவில்லை. மழையில் நடந்து, ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போனபோது சேவியர் பையா உள்ளே போய் வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்தார்கள். யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"மல்லிகா, பையா."

"ஆவாஸ் சே பஹசானா." குரலில் தெரிந்துகொண்டாராம். சிரித்தார். நகர்ந்து இடம் கொடுத்தார்.

சொன்னேன். என் முகம் அவருக்குத் தெரியாதது சுலபமாக இருந்தது. விலா மரத்துப்போனது, நீலம், ரேவதி கையில் கம்பி வளைந்தது. "நீங்க பாத்தது சரி பையா. உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். கேப்டன்கிட்ட நானே வந்து சொல்றேன்."

அவர் மடியில் இருந்த சீட்டை என் பக்கம் நீட்டினார். வாசித்தேன். இடது கண்ணில் புரை. வலதிலும் ஆரம்பம்.

"டாக்டர் போலா மோதியாபிந்த்." புரையைத்தான் சொன்னார்.

பக்கத்தில் ஒரு குழந்தை விடாமல் அழுதுகொண்டிருந்தது.

பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு. "இந்தக் கண்ணாலதான் பாத்தேன்! கராப் ஆங்க், சஹி தேக்கா!" கெட்ட கண், சரியாகப் பார்த்திருக்கிறது. சத்தமாகச் சிரித்தார். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

ஆபரேஷன் ஆகும் வரை கப்பல் இல்லை, ஜெட்டியில்தான் வேலை. மூன்று மாதம் ஆகலாம்.

திரும்பி நடக்கும்போது ஒன்றும் புரியவில்லை. ஏழாம் தேதியே நான் "பட்டது" என்று சொல்லியிருந்தால் அவர் டாக்டரிடம் போயிருக்க மாட்டார். அந்தக் கண்ணோடு சுக்கானைப் பிடித்துக்கொண்டிருப்பார். அப்படியென்றால் நான் தப்பாகச் சொன்னது நல்லதா? அப்படி நினைத்துக்கொண்டால் நிம்மதி. ஆனால் அது நான் செய்த நல்லது இல்லையே. அவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் ஓடினேன். அதிலும் தப்பு.

பாதி வழியில் குடையை வராந்தாவிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பிப் போகவில்லை.


ஆகஸ்ட் 21, ஞாயிறு

பயிற்சிக்குப் போகவில்லை. ஹார்பரில் வெங்காயம் இறங்கியதாம், வரிசையில் நின்று வாங்கினேன்.

தீதி போன் செய்தார். எடுக்கவில்லை. மறுபடி செய்தார். எடுத்தேன். "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டார்.


ஆகஸ்ட் 28, ஞாயிறு

மழை இல்லை. ஹாலில் எல்லா ஜன்னலும் திறந்து வைத்திருந்தார்கள். இருபத்தொரு பேரும் வந்திருந்தார்கள். ஓட்டு இல்லாத சேவியர் பையாவும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

முதலில் மெயின்லேண்ட் கடிதத்தை வாசித்தார்கள். பிறகு ரேவதி பேசினாள். நன்றாகவே பேசினாள். சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை. இங்கே எட்டுப் பேருக்கு அது வேண்டும். "நம்ம ஆட்டம் நல்ல ஆட்டம்தான். ஆனா கப்பல் ஏறி அந்தப் பக்கம் எறங்கினா இது கணக்குலயே இல்ல."

தீதி எழுந்தார். "மேரே பாஸ் ஏக் ஹி பாத் ஹை" என்று ஆரம்பித்து, ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது என்று சொல்லி, என்னைப் பார்த்து, நின்றுவிட்டார். இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

அவர் சொல்லாமலே உட்கார்ந்துவிடுவார் என்று தெரிந்தது. நான் எழுந்தேன்.

எந்த மொழியில் பேசினேன் என்று ஞாபகம் இல்லை. கலந்துதான் பேசியிருப்பேன். சொல்லி முடித்ததும் யாரும் நம்பவில்லை. "அக்கா சும்மா சொல்லுது" என்று யாரோ. அதனால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கோட்டில் நின்று, கண்ணை மூடிக்கொண்டேன். சேவியர் பையாவிடம் வாளைக் கொடுக்கச் சொன்னேன். பட்டால் நான் கை தூக்குவேன், எல்லோரும் எண்ணுங்கள் என்றேன்.

பயமாக இருந்தது. ஆட்டத்தில் ஒரு நாளும் இல்லாத பயம். தோள், தூக்கினேன். நெஞ்சு, தூக்கினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அவர் நிறுத்திவிட்டாரா என்று கண்ணைத் திறந்தேன். வாள் என் வலது விலாவில் வில் போல வளைந்து நின்றது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சௌத்தி பார்" என்றார் மெல்ல. நாலாவது தடவையாம்.

ரேவதி முன்னால் வந்தாள். அழுதுவிடுவாள் போல இருந்தது, கோபத்தில்.

"மூணு வாரமா உங்கள வெறுத்துக்கிட்டிருக்கேங்க்கா. பொய்க்காரின்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இப்ப நான் என்ன செய்ய?"

"நீ சொன்னது சரிதானே. பட்டதுதானே."

"சரி இல்ல! நீங்க பொய் சொல்லலியே!"

கோப்பையைத் துணிப்பையில் கொண்டுபோயிருந்தேன். நீட்டினேன். வாங்கவில்லை. "இப்படி எனக்கு வேணாம்." கடைசியில் அது மேசையில், கடிதத்துக்கு மேலே, காற்றில் பறக்காமல் இருக்க.

பிறகு ஓட்டு. நான் மின்சாரத்துக்குக் கை தூக்கினேன். வேறு என்ன செய்ய முடியும்? என் உடம்பே என்னிடம் சொல்வதில்லை. தீதி என் கையைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். எண்ணினார்கள். மின்சாரத்துக்கு ஒன்பது. வேண்டாம் என்பதற்குப் பன்னிரண்டு.

எனக்குப் புரியவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தானே ஓட்டுப் போட்டார்கள்? சேவியர் பையா கிளம்பும்போது சொன்னார், அவருடைய இந்தியில்: முப்பது வருடம் கப்பலில் எத்தனையோ மெஷின் தப்புக் காட்டிப் பார்த்திருக்கிறார். எதுவும் மூன்று வாரம் கழித்து வந்து, நான் காட்டியது தப்பு என்று சொன்னதில்லையாம்.

மூன்று வாரம் ஏன் என்று அவர் கேட்கவில்லை.

ஓட்டு முடிந்த பிறகும் என்னை என்ன செய்வது என்று ஒரு மணி நேரம். ஒருவர், மல்லிகா இனி நடுவராக மட்டும் இருக்கட்டும் என்றார். ஒருவர், விலாவில் தகரம் கட்டினால் சத்தம் கேட்குமே என்றார், சிரித்தார்கள். ரேவதிதான் சொன்னாள், யாரையும் பார்க்காமல்: "அக்கா வலது விலாவுல மட்டும் குத்துறவங்களக் கேளுங்க. பட்டுச்சா இல்லியான்னு அவங்க சொல்லட்டும். அதான் கடைசி."

எதிராளி சொல்லா? என்று சத்தம். தீதி என்னைக் கேட்டார். சம்மதமா?

சம்மதம் என்றேன்.

தீதியோடு ஹாலைப் பூட்டினேன். நடந்து வரும்போது, "நான் ஒன்ன சும்மா இருக்கச் சொன்னேன்" என்றார். "ஆமா தீதி." "அத நீ அங்க சொல்லல." "இல்ல தீதி." அவ்வளவுதான். டெய்ரி ஃபார்ம் திருப்பம் வரை சேர்ந்து நடந்தோம்.


செப்டம்பர் 2, வெள்ளி

ரேவதி மெயின்லேண்ட் சங்கத்துக்குத் தனியாக விண்ணப்பம் போடுகிறாளாம். தீதியே பரிந்துரை எழுதிக் கொடுத்தாராம். சரிதான்.

சேவியர் பையா ஜெட்டியில், கப்பலிலிருந்து வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டும் வேலையில். கப்பல் வரும்போதெல்லாம் என் ஜன்னலிலிருந்து தெரிகிறார். கறுப்புக் கண்ணாடியோடு. சினிமா நடிகர் என்று எல்லோரும் கேலி. அவர் கப்பல் இப்போது வேறு ஆள் கையில். அது உள்ளே வரும்போது மட்டும் நிமிர்ந்து நின்று முழுவதும் பார்க்கிறார்.


செப்டம்பர் 11, ஞாயிறு

புது சீசன் முதல் நாள். சீட்டுக் குலுக்கியதில் எனக்கும் ரேவதிக்கும் ஆட்டம். எல்லோரும் "ஓ" என்றார்கள்.

வலது விலாவில் தீதி தைத்துக் கொடுத்த கறுப்புத் துணி. பார்க்க அசிங்கம். ஊரே அதைத்தான் பார்க்கிறது.

ஆட்டம் நன்றாக இருந்தது. கால் கொஞ்சம் கனம், ஐந்து வாரம் ஆடாததால். 1–0, 1–1, 2–3. நானே இரண்டு தடவை கை தூக்கினேன். 4–4.

அவள் பாய்ந்தாள். கீழே, வலது பக்கம். நான் தடுத்தேன், வாள்கள் உரசின, அவள் நுனி கறுப்புத் துணியை நோக்கி வந்ததைப் பார்த்தேன். தொட்டதா, துணியை ஒட்டிப் போனதா, வலைக்குள்ளிருந்து தெரியவில்லை. நடுவர்களில் ஒருவர் கை தூக்கினார். மற்றவர் இல்லை.

தீதி ரேவதியைக் கேட்டார். "லகா?"

இப்படி நின்றதில்லை நான். என் உடம்பில் நடந்ததை இன்னொருத்தி சொல்லக் காத்துக்கொண்டு. அவளுக்கு என் மேல் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு.

ரேவதி முகமூடியைக் கழற்றவில்லை. தன் கையைப் பார்த்தாள். ரொம்ப நேரம். யாரோ விசில் அடித்தார்கள்.

"நஹீ" என்றாள்.

அடுத்ததில் நெஞ்சு நடுவில் குத்தினாள். நல்ல வலி. நானே கை தூக்கினேன். 5–4, அவளுக்கு.

குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். கேட்கக் கூடாது, கேட்டேன்.

"நெசமாவே படலியா?"

தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்தாள்.

"தெரியலக்கா. பட்ட மாதிரியும் இருந்துச்சு, படாத மாதிரியும் இருந்துச்சு. கையி ஒண்ணு சொல்லுது, கண்ணு ஒண்ணு சொல்லுது. அவ்வளவு பேரு பாக்குறாங்க. தெரியலன்னு சொல்லலாமா அங்க?"

"சொல்லலாம்னுதான் நெனைக்கிறேன்."

"நீங்க சொன்னீங்களா?"

இல்லை. இன்று வரை இல்லை.

குழாயை மூடினாள். மூடியும் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே அடுத்த ஜோடியைக் கூப்பிட்டார்கள், ஒரு பக்க நடுவர் குறைகிறார், யாராவது வாங்க என்று. ரேவதி என்னைப் பார்த்தாள். நான் போய் நடுவர் இடத்தில் நின்றேன்.